சதுப்பில் கிள்ளிய பொன்னாங்கண்ணி

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஒரு சதுப்பு இருந்தது. கீழ் ஊர்களின் வயலுக்குத் தண்ணீர் ஊறும் இடம் என்று அரசாங்கம் அதைச் சுற்றி வேலி போட்டு, ஒரு காவல்காரரையும் வைத்திருந்தது. கோரையும் காட்டுச்சேம்பும் முள்ளுக் கொகிலைச் செடியும் யாரும் தொடாமல் மண்டிக் கிடக்கும். ஒரு இலை கிள்ளினாலும் பத்துச்சீட்டு என்று கங்காணி சொல்லியிருந்தார். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் தோட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

எனக்கு அந்த மிரட்டல் காதில் ஏறவில்லை. என் மகளுக்கு நாலு வயது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு என்னைத் தேடுவாள். கண்ணுக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை கொடு என்று லயத்தில் சொன்னார்கள். அதுவோ வேலிக்குள் தளதளவென்று கிடந்தது. பிள்ளை தடுமாறுகிறது, செடிக்குக் காவலா என்று எரிச்சல் எரிச்சலாக வரும். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்த கையோடு வேலிக்குள் நுழைவேன். ஒரு தவளை குதித்தாலும் கோரைக்குள் குனிந்துகொள்வேன். இப்படியே பல நாள் போனேன்.

அவசரத்தில் என் கையின் பழக்கத்தை மறந்துவிட்டேன். கிராமத்துக்காரர்கள் கீரையை அறுப்பார்கள், இல்லாவிட்டால் வேரோடு பிடுங்குவார்கள். நானோ நுனி நுனியாகக் கிள்ளி, மேல்மட்டத்தைத் தேயிலைச் செடி மாதிரிச் சமமாக்கி வைத்திருந்தேன். காவல்காரர் அதைப் பார்த்துவிட்டு நேரே லயத்துக்கு வந்தார்.

"இது கொழுந்து எடுக்கிற கை. ஒவ்வொரு வீட்டுக் காம்பராவா தொறக்கச் சொல்லுங்க," என்றார் கங்காணியிடம்.

எங்கள் வீட்டுக் கீரை வயிற்றுக்குள் போயிருந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவின் முறத்தில் ஒரு பிடி கிடந்தது. முந்தின நாள் நான் கொடுத்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பெரியம்மா, பெரியம்மா என்று அவள் பின்னாலேயே திரிவாள்.

"யாரு கிள்ளினது?" என்று கங்காணி கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தாள். "நான்தாங்க," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே அக்காவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். அவள் முகத்தில் விழிக்கப் பயந்து நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. விறகைத் தள்ளினேன், இழுத்தேன், திரும்பவும் தள்ளினேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, பெரியம்மா மூட்டையத் தூக்கிக்கிட்டு எறக்கத்துல போறாங்க. எனக்குத் தெரியுதும்மா. திரும்பித் திரும்பி இங்கதான் பாக்குறாங்க."