மாத்திரைக்குப் போன புகழ்

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் என் கோபத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. என் மக்காச்சோளக் காட்டில் ஆடு இறங்கினால் நான் போடும் சத்தம் திருச்சுழி தாலுகா ஆபீஸ்வரை கேட்கும் என்பார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தேன், இயேசுவை ஏற்றுக்கொண்டேன். சத்தம் குறைந்தது. நானாகக் குறைத்தேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். அது என்னால் ஆகிற காரியமில்லை என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்ந்து காட்டினால் போதும், கடவுளுக்கு அதுவே மகிமை என்று வசதியாக ஒரு தத்துவம் வைத்திருந்தேன். வீட்டில் ஓர் அலமாரி நிறைய இறையியல் புத்தகங்கள். கிருபையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், கேட்பவர் ஏற்கெனவே கிறிஸ்தவராக இருந்தால்.

ஒருநாள் பெரியப்பா மகனின் ஆடுகள் என் சோளத்தில் பாதியை மேய்ந்துவிட்டன. அவற்றை ஓட்டிக்கொண்டுபோய் அவர் தொழுவத்தில் விட்டுவிட்டு, "பாத்துக்கிடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அண்ணன் மிரண்டுபோனார்.

"ஏலே, ஒடம்புக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாமயா வாராவாரம் ஞாயித்துக்கெழம அருப்புக்கோட்டைக்கு ஓடுற? பிரஷரா? டாக்டரு மாத்திர குடுத்திருக்காரா?"

ஞாயிற்றுக்கிழமை டாக்டர்கள் கடை திறப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் 'வேதக்காரனாகிட்டான்' என்று டீக்கடையில் சிரிப்பார்களே. "ஆமாண்ணே" என்றேன்.

அண்ணனுக்கும் என் கோபம்தான், ஒரே ரத்தம். அவர் மகள் தன் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு, அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மல்லாங்கிணற்றில் இருந்தாள். பிள்ளையைக் காட்ட முதல்முறையாக வரப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். கண்டதும் கத்திவிடக் கூடாதே என்று அண்ணனுக்குப் பயம். டவுனுக்குப் போய் டாக்டரிடம் "என் தம்பி சாப்பிடுற மாத்திர" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் பிரஷர் பார்த்து ஏதோ எழுதிக் கொடுத்தார். அண்ணன் வேளை தவறாமல் விழுங்கினார்.

மகள் வந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் அண்ணனின் சத்தம் என் வீடுவரை கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "ஒன் மாத்திர எனக்குச் சேரலடா. பேரன் மொகத்தக்கூடச் சரியாப் பாக்கல."

அப்போதுதான் வாய் திறந்தேன். அலமாரியிலிருந்த ஒரு புத்தகமும் உதவிக்கு வரவில்லை. "அது மாத்திர இல்லண்ணே, இயேசு. நானா மாறல, அவருதான் மாத்துனாரு." இவ்வளவுதான் வந்தது.

வைவார் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் தேவலை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார், சத்தமே இல்லாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது அவரையும் கூப்பிட்டேன். "நீ போயிட்டு வா" என்றார். எதிரே அருப்புக்கோட்டையிலிருந்து வந்து நின்ற பஸ்ஸில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.