மருந்துக்கு அடங்காத கட்டி

வயிறு பெருத்தபோது மலையில் என்னோடு தேயிலைக் கொழுந்து பறித்த பெண்கள் சிரித்தார்கள். "எத்தன மாசம்?" என்றார்கள். தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாயுதான். கெழங்கு திங்கிறத கொறைங்க" என்று மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் விழுங்கினேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நிமிர முடியாமல் போன பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். சூலகத்தில், முட்டை உருவாகும் பையில், கட்டி. புற்றுநோய்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். கட்டி மட்டும் கொஞ்சமும் சுருங்கவில்லை. வார்டில் எல்லாரும் என் கணவரிடமே பேசினார்கள். வயிறு என்னுடையது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் சத்திரசிகிச்சை செய்யும் பெண் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"இது அரிதான வகை. மருந்துக்கு அடங்காது. வெட்டித்தான் எடுக்கோணும். கர்ப்பப்பை, ரெண்டு சூலகம், குடலில ஒட்டியிருக்கிறதும்."

"அப்ப மொதல்லயே வெட்டியிருக்கலாமே டாக்டர்?"

"வெட்டியிருக்கலாம். வழமையா வாற வகையெண்டு நினைச்சு மருந்து குடுத்திட்டம். உங்கட கோபம் நியாயம்தான்."

அந்தப் பதிலுக்காகவே அவரை நம்பினேன்.

அன்றைக்கே மாமியார் கணவரைப் போனில் கூப்பிட்டார்; பேசியது எனக்கும் கேட்டது. "கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒனக்கு வாரிசு ஏது? கோயிலுக்கு நேந்துக்குவோம், அவள கூட்டிட்டு வா." கணவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நான் செத்துப்போனா மட்டும் பேரப்புள்ள பெத்துத் தருவேனா அத்தை?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன்.

காலையில் தியேட்டருக்குள் கொண்டுபோனவர்கள் பொழுது சாயத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டி எதையும் விட்டுவைக்கவில்லை என்றார் டாக்டர்.

வீட்டில் கணவர்தான் சோறாக்கினார், காயத்துக்குத் துணி மாற்றினார். ஒருநாள் அழுதார். "அன்னைக்கி பேசியிருக்கணும்" என்றார். "ஆமா, பேசியிருக்கணும்" என்றேன். அதற்குமேல் அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

முப்பது வயதிலேயே மாதவிடாய் நின்று, உடம்பு கொதித்து வியர்வை ஊற்றியது. எங்கள் வரிசைவீட்டு லயத்தில் பார்க்க வந்தவர்கள், "உசுரு தப்புச்சே, இனி கோபப்படாத" என்றார்கள். தப்பிய உயிர்தானே கோபப்படுகிறது.

போன தடவை கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "திரும்ப வரக்கூடும். வந்தால் திரும்ப வெட்டுவம்."

"வெட்டுங்க" என்றேன். ரயிலேறி, பண்டாரவளையில் இறங்கி, மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.