காய்ச்சல் என்றுதான் எழுதினேன்

கொரோனாவில் செத்தவர்களின் கணக்கை அரசாங்கம் மறைக்கிறதா என்று காலையிலிருந்து இந்தக் குழுவில் பெரிய சண்டை. "பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அப்படி ஒரு பதிவேட்டை எழுதியவன் நான்.

தொண்ணூற்றெட்டில் வன்னியில், துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டுக்கு வீடு மலேரியா. சண்டையால் பாதை பூட்டியிருந்தபடியால் மருந்தும் குறைவு, இரத்தம் சோதிக்கிற சாமானும் இல்லை. ஆனால் சோதிக்காமல் மலேரியா என்று எழுதக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை.

மலையகத்திலிருந்து வந்து வயலில் கமம் செய்த முத்தையா அண்ணை, ஒன்பது வயது மகளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். மத்தியானம் பிள்ளையின் உயிர் போய்விட்டது. நான் பதிவேட்டில் "காய்ச்சல்" என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "மலேரியான்னு எழுதுங்க ஐயா. அப்பதானே மருந்து அனுப்புவாங்க. வீட்டுல இன்னும் ரெண்டு புள்ளைங்க படுத்துக் கெடக்கு."

"சோதிக்காமல் எழுதேலாது அண்ணை. என்ர வேலை போயிடும். எனக்கும் கைக்குழந்தை இருக்கு."

அவர் ஏசவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு நின்றார். நான் எழுதவில்லை.

மற்ற இரண்டு பிள்ளைகளும் தப்பியதை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். அவரைக் கேட்க எனக்கு முகமில்லை.

அந்தக் கிழமை முடியுமுன் அரச வானொலியில், வன்னியில் மலேரியாவால் ஒருவரும் சாகவில்லை என்றார்கள். எங்கள் பதிவேட்டின்படி அது உண்மைதான்.

உங்களில் வேறு யாரும் இப்படி உண்மை எழுதியிருக்கிறீர்களா?