ஆடு கை தட்டாது

1995-ஆம் ஆண்டு, பிசான நெல் அறுவடை முடிந்து, கல்லிடைக்குறிச்சி வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு காலைப் பொழுதில் அது நடந்தது.

அப்போது நான் முதுகலை நுண்ணுயிரியல் மாணவி. அதற்கு முன் மருத்துவமனை ஆய்வகத்தில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள். குழந்தைகளின் தொண்டையில் தங்கி, கவனிக்காவிட்டால் இதயத்தையே கெடுக்கும் ஒரு கிருமிதான் என் ஆய்வுப் பொருள். ரத்தம் கலந்த கூழ் வார்த்த தட்டில் வளர்த்தால், அது தன்னைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம் இடும். ரத்த வங்கியில் மீந்த மனித ரத்தத்தில் தட்டு வார்ப்பதே எங்கள் வழக்கம். அதில் வளையம் துலங்கவில்லை. செம்மறியின் ரத்தம் வேண்டும் என்று வாதிட்டேன்.

“ஊசி குத்திப் பழகுன கைம்மா உனக்கு. ஆராய்ச்சி வேற. இந்தத் தடவையும் தட்டுல தெரியலன்னா தலைப்ப மாத்திரு” என்றார் பேராசிரியர்.

கிடைக்காரர் முன் போய் நின்றேன். பேச்சுப் போட்டிகளில் சுழற்கோப்பைகள் வென்ற அதே குரலில் அறிவியலின் பெருமை, குழந்தைகளின் உயிர், நாட்டின் எதிர்காலம் என்று அடுக்கி, ஓர் ஆட்டிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்ளக் கேட்டேன். கம்பை ஊன்றியபடி முழுவதையும் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுத தாயி. ஆனா ஆடு கை தட்டாதுல்லா? துள்ளிச் செத்துட்டுன்னா யாரு பதில் சொல்லுவா?”

என் மேடை அங்கே முடிந்தது.

“ஒரே குத்து அண்ணாச்சி. தப்பிட்டுன்னா பேசாமப் போயிருதேன்.”

அவர் ஒரு செம்மறியை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டார். கழுத்து ரோமத்தைக் கத்தரித்துத் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். நாளம் புடைத்து எழுந்தது. மெலிந்த பிள்ளைகளின் கைகளில் தேடித் தேடித் தேர்ந்த விரல் தடுமாறவில்லை. ஊசிக்குழல் நிறைந்தது.

“ஏயப்பா! ஆஸ்பத்திரில எனக்கு நாலு எடத்துல குத்துனானுவ. இது அசை போட்டுக்கிட்டுல்லா நிக்கு!”

ரத்தம் உறையாதிருக்க, கண்ணாடி மணிகள் இட்ட குடுவையில் அதை ஊற்றிச் சுழற்றத் தொடங்கினேன்.

“வரப்புல நின்னு மோரா கடையுத?” என்று சிரித்தார்.

அந்த ரத்தத்தில் வார்த்த தட்டைப் பேராசிரியர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிருமிப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடிபோல் ஒரு வளையம்.

“தலைப்பு அப்படியே இருக்கட்டும்மா” என்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, இன்று அதே தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மேடைகளில் கைதட்டல் இப்போதும் கிடைக்கிறது. ஆயினும் என் கைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, ஊசி இறங்கியதைக்கூட அறியாமல் அசை போட்டு நின்ற அந்தச் செம்மறியின் மௌனம்தான்.