அரவேணு மேட்டில் துரைப் பேயை அடிக்கப் போனோம்

அரவேணுவுக்கு மேலே இருக்கிற பழைய துரை பங்களாவுக்கு இப்போது நிறையப் பேர் வண்டி பிடித்துப் போகிறீர்கள். பேய் உலாவும் மியூசியம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். போன மாதம் மகன் காரில் என்னையும் கூட்டிப்போனான். பலகையில் இருப்பதை அவன் வாசித்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. அந்தப் பேய் முதன்முதலில் அங்கே வந்த நாளில் நான் அங்கே நின்றிருந்தேன். நான் பள்ளிக்கூட வாசல் மிதித்தவன் இல்லை. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. மருமகள் வாசித்துப் பிழை திருத்துகிறாள்.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருடம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினேழு வயது, எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து சினிமாப் படக்காரர்கள் அந்தப் பங்களாவுக்கு வந்திருந்தார்கள். அந்தப் பங்களா வேறொரு துரையுடையது, அவர் சீமைக்கு லீவில் போயிருந்தார். படக்காரர்களின் சாமான்களை ஏற்றி வந்த லாரிக்காரர் காதர் பாய் முந்தின நாள் சாயங்காலம், கூலிக்காரர்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளுக்கு வந்து ஆள் கேட்டார்.

"செத்துப்போன தொரை ஒருத்தன் பேயா வந்து அவனோட செத்த காலேஜைக் காவல் காக்குறான். கடைசில ஜனங்க அத்தனை பேரும் சேர்ந்து வெளக்குமாத்தால சாத்தணும். சாப்பாடு உண்டு, எட்டணா உண்டு. யாரு வர்றீங்க?"

மியூசியத்தை அப்போது செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள். முதலில் எழுந்தவர் என் அக்கா மாராத்தாளின் புருஷன், வெள்ளிங்கிரி மாமா. காசுக்காக அல்ல.

எஸ்டேட்டில் ஒரு முறை உண்டு. துரை எதிரே வந்தால் ரோட்டை விட்டுச் சாக்கடைக்குள் இறங்க வேண்டும், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக் குனிய வேண்டும், மழையானாலும் குடையை மடக்க வேண்டும். முந்தின ஆடியில் மாமா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்தபோது குடையை மடக்கவில்லை. எங்கள் எஸ்டேட் துரை கைத்தடியால் அந்தக் குடையை அடித்து ஒடித்தார். குழந்தை நனைந்து வீறிட்டது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மாமா அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"பேயோ பொம்மையோ, அந்தத் தொப்பி மேல ஒண்ணே ஒண்ணு போட்டாப் போதும் மாப்ளே" என்றார் என்னிடம். அக்காவைப் பார்த்து, "நீயும் வா. வந்து பாரு" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், பதினான்கு பேர். லைனிலிருந்து அரவேணு மூன்று மைல், எல்லாம் இறக்கம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பனி வெள்ளையாகக் கிடந்தது. அரவேணுவில் டீ குடித்தோம். அங்கிருந்து பங்களா இரண்டு மைல் ஏற்றம், காதர் பாய் லாரியில் ஏற்றிக்கொண்டார். லாரியில் கிடந்த விளக்குமாறு ஒன்றை எடுத்து மாமா வழியெல்லாம் வீசிப் பழகிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க மாமா, பேயைத்தான் அடிக்கோணும். எங்க கண்ணைக் குத்திப்போடாதீங்க" என்றேன். லாரியே சிரித்தது. அக்காகூடச் சிரித்தாள்.

எட்டு மணிக்குப் பங்களா. கூடத்துக்குள் கண்ணாடிக் கண் வைத்த புலித்தலைகள், காட்டெருமைத் தலைகள், வாள், ஈட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கரடி. எங்களில் ஒருத்தர்கூடப் பயப்படவில்லை. கரடியின் வாயில் ஒருவர் வெற்றிலைச் சுருளை வைத்து வேடிக்கை காட்டினார். உள்ளே வெளிச்சம் போதாது என்று முன்வாசலில் கேமராவை நிறுத்தினார்கள்.

டைரக்டர் விளக்கினார். கதவு திறக்கும், பேய் வரும், எல்லோரும் கத்திக்கொண்டு பாய்ந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்குமாறு வைக்கோலால் செய்தது, வலிக்காது.

கதவு திறந்தது. முகத்தில் மாவு அப்பிக்கொண்டு, சோலார் தொப்பி, பூட்ஸ், கையில் தடியோடு நாடகக்காரர் ஒருவர் வந்தார். பூட்ஸ் கல்லில் டக் டக்கென்று விழுந்தது. பதினான்கு பேரும் வழியை விட்டு ரோஜாப் பாத்திக்குள் இறங்கித் தலைத்துண்டை எடுத்துக் குனிந்தோம். பெண்கள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். விளக்குமாறெல்லாம் தரையில் கிடந்தது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கை தானாக விலகுமே, அந்த மாதிரி.

"கட்! என்னய்யா பண்றீங்க? அவன் பேய்யா! அடிங்கய்யா!"

எங்களில் வயதான ஆறுமுகம் சொன்னார்: "பேயின்னாலும் தொரை தொரைதானுங்களே."

படக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "இந்தத் தடவை பாருங்க" என்றார். இரண்டாம் முறை நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குமாறு தோள் வரைக்கும் ஏறியது. பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்ததும் தானாகக் கீழே இறங்கியது, இன்னொரு கை தலைத்துண்டுக்குப் போனது. அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டைரக்டர் கேமராக்காரரிடம், "இப்படியே எடு. பேய்க்கே சலாம் போடறாங்கன்னா கொட்டகையில கூரை பறக்கும்" என்றார். மாமா கைகூப்பினார். "ஏனுங்க, வேண்டாமுங்க. ஊரெல்லாம் பாக்குமுங்க. இன்னொருவாட்டி மட்டும் விடுங்க. அடிச்சுப்போடறனுங்க."

கடைசியாக ஒரு முறை என்று டைரக்டர் ஒப்புக்கொண்டார். கதவு திறந்தது, பூட்ஸ் வந்தது, நாங்கள் குனிந்தோம். மாமாவும்தான். ஆனால் இந்தத் தடவை பேய் ஆறுமுகத்தின் முன்னால் நின்றது. தடியைக் கக்கத்தில் இடுக்கியது. தொப்பியைக் கழற்றியது. இரண்டு கையையும் கூப்பி, அந்தக் கிழவரைக் குனிந்து கும்பிட்டது.

யார் முதலில் அலறியது என்று தெரியவில்லை. அதுவரை எங்களுக்கு அது துரை. துரை கும்பிட்ட நொடியில்தான் அது பேய். ஓடினோம். கவாத்து வெட்டிய குச்சிகள் முழங்காலைக் கிழிக்கக் கிழிக்கத் தேயிலைக் காட்டுக்குள் விழுந்து ஓடினோம். எல்லோருக்கும் முன்னால் மாமா ஓடினார்.

காதர் பாய் ரோட்டு வளைவில் வந்து பிடித்தார். "டேய், நில்லுங்கடா! இவ்வளவு நல்லா ஓடினதுக்கு இன்னும் எட்டணா தரலாம்! எல்லாம் படத்துல விழுந்துடுச்சு, வாங்க சாப்பிட!" பின்னாலேயே அந்த நாடகக்காரர் மூச்சிரைக்க வந்தார். மாவைக் கழுவியிருந்தார். அம்மைத் தழும்பு போட்ட, ஒல்லியான முகம்.

"மன்னிச்சுக்குங்க. மேடை ஏறும்போது பெரியவங்களைக் கும்பிட்டுட்டு ஏறிப் பழக்கம். அப்பா வயசுல ஒருத்தர் குனிஞ்சு நிக்கும்போது சும்மா நிக்க என்னால முடியலைங்க."

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க" என்றார் மாமா. சாப்பிடவில்லை.

திரும்பும்போது நடந்தே வந்தோம். அக்கா மட்டும் விளக்குமாற்றைக் கீழே போடாமலே ஓடியிருந்தாள், அது கையிலேயே இருந்தது. "அவன் கும்பிட்டான், அதுக்கா இந்த ஓட்டம்?" என்று கேட்டாள்.

 மாமா, பல மாதம் கழித்து முதன்முறையாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவன் அடிச்சிருந்தா நின்னிருப்பேன் மாராத்தா."

 அக்கா அவருடைய கிழிந்த முழங்காலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு நடந்தாள்.

படம் கோயமுத்தூரில் ஓடியதாகச் சொன்னார்கள். எங்கள் லைனிலிருந்து யாரும் போகவில்லை. குனிந்ததை நினைத்து எனக்கு அவ்வளவு வெட்கமில்லை, அது எல்லோரும் செய்தது. ஓடியதை நினைத்தால்தான் இந்த வயதிலும் வெட்கமாக இருக்கிறது.

சரி, போகிறவர்களுக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறி அரவேணுவில் இறங்குங்கள். மேலே மூன்று கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்பார்கள், நூற்றிருபதுக்கு வருவார்கள். உள்ளே போக ஐம்பது ரூபாய் டிக்கெட். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், உப்பு கொண்டுபோங்கள். கரடிக்கு இப்போது ஒரு காது இல்லை.

வாசலில் பழைய காலத்துச் சிவப்பு உடுப்பும் தலைப்பாகையும் மாட்டி ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து சலாம் போடுகிறார். நீங்களும் திருப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள். நான் போட்டபோது அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.