அக்டோபரில் பூத்த ஆப்பிள்

ருமியானாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. டான்யூப் கரையோர ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாக வெப்பமும் மழையும் அளந்து, வானிலை நிலையத்துக்கு எழுதி அனுப்புகிறவள் அவள். அக்டோபர் இருபத்து நான்கு; நிழலிலேயே இருபத்தேழு டிகிரி. திராட்சைப் பந்தலில் குளவிகள் மொய்த்தன. மிளகாய்ச் செடி மறுபடி மொட்டு விட்டிருந்தது.

வேலிக்கு அப்பால் அழுகை. பக்கத்து வீட்டு ஸ்டாமென், மனைவி நெவேனாவின் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். தாய்வீட்டுக்கு அனுப்புகிறானாம். அவர்கள் வீட்டு பிளம் மரம் பூத்திருந்தது. இலையுதிர் காலத்தில் மரம் பூத்தால் அந்த வீட்டில் சாவு என்பது ஊர் நம்பிக்கை. அவன் தாயோ படுத்த படுக்கை. மார்ச்சில் நலம் வேண்டிக் கையில் அணிந்த சிவப்பு வெள்ளை நூலைக் கழற்றி அந்த மரத்தில் கட்டியவள் நெவேனா. மார்ச் நூலை ஊரே பூத்த மரத்தில்தான் கட்டுகிறது. பழி மட்டும் புது மருமகளுக்கு.

ருமியானா குறிப்பேட்டோடு பாய்ந்தாள். "ஸ்டாமென், ஆகஸ்ட் வறட்சியில இலை கொட்டிச்சு. அப்புறம் மழை, வெயில். வசந்தம்னு மரம் ஏமாந்துடுச்சு. அவ என்னடா பண்ணுவா?"

"உங்க நோட்டு இருக்கட்டும்க்கா. அதே மழை, அதே வெயில். உங்க ஆப்பிள் மட்டும் ஏன் பூக்கல?"

அவள் ஆப்பிளும் பூத்திருந்தது. நேற்று விடியலில், இதய நோயாளியான கணவன் பெட்கோ எழுவதற்குள், ஒன்றுவிடாமல் பறித்து உரக்குழியில் புதைத்திருந்தாள். குறிப்பேட்டிலும் எழுதவில்லை. எல்லோருக்கும் காரணம் சொல்கிறவள்!

நெவேனா காரின் கதவைத் திறந்தாள்.

"பூத்துச்சுடா," என்றாள் ருமியானா. "பெட்கோ பாத்துடுவாருன்னு நானே பிச்சுப் போட்டேன். இவ்வளவு படிச்சும் பயந்துட்டேன். இப்ப என்னையும் ஊரைவிட்டு அனுப்பு."

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஸ்டாமெனின் தாய் கத்தினாள்: "டேய், என்னைப் புதைக்க அவ்வளவு அவசரமா? அவளை அனுப்பிட்டு நீயா எனக்கு சூப் வைப்பே? உன் சூப்பு குடிச்சாத்தான்டா நான் சாவேன்!"

ஸ்டாமென் பெட்டியை இறக்கினான். நெவேனா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

வீடு திரும்பிய ருமியானா குறிப்பேட்டில் எழுதினாள்: 'ஆப்பிள், இரண்டாம் முறை பூத்தது.' தேதியை நேற்றையதாகவே போட்டாள். உள்ளே பெட்கோ இருமினான். ஆனாலும் அந்த வரியை அவள் அடிக்கவில்லை.