பூசைப் பாயில் ஒரு துவக்கு

சுடலைமுத்துவை வன்னியில், தர்மபுரத்தில் தெரியாதவர்கள் குறைவு. வயல் செய்கிற நல்ல கமக்காரர், ஒருவருடைய வம்புக்கும் போகாதவர். ஒரே ஒரு குறை, கனவு காண்பது. படுத்தால்தான் கனவு வரும் என்ற சட்டமெல்லாம் அவரிடம் செல்லாது. மண்வெட்டியைப் பிடித்தபடி வரம்பில் நின்றுகொண்டே எங்கேயோ போய்விடுவார். கூப்பிட்டால் முதல் தடவை கேட்காது. இரண்டாவதற்குத்தான் ஆள் திரும்பி வருவார். மலையில், பனிமூட்டத்துக்குள் பிறந்த பிள்ளை, அந்தப் பனியில் கொஞ்சம் தலைக்குள் தங்கிவிட்டது என்று அவருடைய தாயார் சொல்வார். அதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு யாருக்கும் அகப்படவில்லை.

அவர் சிறுவனாக இருந்தபோது, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு கூட்டம் தீப்பந்தங்களோடு வந்தது. அப்பா மாயாண்டி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கூட்டம் லயத்தின் கோடியிலிருந்த காம்பரா வீடுகளைக் கொளுத்திவிட்டு, இவர்களுடைய வாசலுக்கு வராமலே போய்விட்டது. ஆனால் கத்தி பிடித்திருந்த அப்பாவின் கை நடுங்கியதைச் சிறுவன் பார்த்துவிட்டான். அதன்பிறகு லொறி ஏறி வன்னிக்கு வந்ததும், காடு வெட்டிக் குடியேறியதும், கிணறு தோண்டியதும் எல்லாம் நடந்தன. அந்தக் கத்தியும் கூடவே வந்தது. கனவில் மட்டும் அப்பா இன்னும் அந்த வாசலில்தான் நின்றார். அங்கே அவர் கையில் கத்தி இருக்காது, சுடுகிற துவக்கு ஒன்று இருக்கும். கையும் நடுங்காது.

இது அவருடைய மனைவி இரஞ்சிதத்துக்கும் தெரியும். அவளும் மலையிலிருந்து வந்த குடும்பம்தான். கணவனும் மனைவியும் வெளியில் ஊரோடு ஒத்து 'ஓம்' என்பார்கள், வீட்டுக்குள் வந்தால் 'ஆமா' ஆகிவிடும். இரஞ்சிதத்துக்கு ஓர் அண்ணன் இருந்தான். போரின் கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து போகிற வழியில், தண்ணீர் எடுக்க வாளியோடு போனவன், ஒரு சூட்டில் விழுந்துபோனான். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. அவள் யாரையும் திட்டுவதில்லை. எங்கள் அண்ணன் என்று தெரிந்து யாரும் சுட்டிருக்க மாட்டார்கள், வேறு யாரோ என்று நினைத்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பாள். துவக்கைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான். அதை அவள் மாற்றிக்கொள்வதாகவும் இல்லை.

இந்த வீட்டுக்குள் துவக்கைக் கொண்டுவந்தவை காட்டுப் பன்றிகள். வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியை அவை இருட்டுகிற மம்மல் பொழுதில் வந்து கிளறிப்போட்டன. வேலி, விளக்கு, பழைய சீலை கட்டிய வெருளி, ஒன்றுக்கும் அசையவில்லை. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் துவக்குக் கதை எழுந்தது. பயிர்க் காவலுக்கு அனுமதியோடு துவக்கு கேட்கலாம், சங்கம் சிபாரிசு செய்யும் என்றார்கள். பக்கத்து வயற்காரர் ஏரம்பு எழுந்து நின்று, கமக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கொடுத்தால்தான் இந்த ஊர் உருப்படும் என்று முழங்கினார். ஏரம்புவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்தடிக் குடியேற்றக் காணிக்கு வந்தவர். மகனுக்கு வயலும் வாயும் தாராளம். பின்வரிசையிலிருந்த பெண்கள் சிலர், இந்த மண்ணில் துவக்கு இல்லாத காலம் இப்போதுதான் வந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் அனுபவிக்க விடக்கூடாதா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தபடியால் கூட்டம் தேநீரோடு முடிந்தது. சுடலைமுத்து மறுநாளே போய் விண்ணப்பித்தார். அலைந்து திரிந்து, கடைசியில் ஒற்றைக்குழல் துவக்கொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இரஞ்சிதம் சத்தம் போடவில்லை. தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சமைக்கிற குசினிக்குப் போய்விட்டாள்.

"அது இருக்கிற அறையில நான் படுக்க மாட்டேன். அதத் தொடவும் மாட்டேன்" என்றாள்.

சில நாளில் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். சரியாகவில்லை. சோறு வந்தது, தேநீர் வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. பாய் மட்டும் திரும்பி வரவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்ட முதல் வெடிக்கே பன்றிகள் ஓடிவிட்டன. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. தனியாகப் படுப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

அப்படி இருக்கையில் ஆயுத பூசை வந்தது. மலையிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய நாள். வீட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் கழுவி, பாய் விரித்துச் சாமிப் படத்தின் முன்னால் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பிறகு மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, வீட்டுக்காரி தன் கையால் எடுத்துக் கொடுக்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. மாயாண்டி உயிரோடிருந்த காலத்தில் அன்றைக்கு விறகைக்கூடக் கையால்தான் முறிப்பார். சுடலைமுத்து மண்வெட்டி, கோடரி, மருந்தடிக்கிற மெசின், குழி தோண்டுகிற அலவாங்கு, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் வரிசையாகக் கிடத்தினார். கத்திக்குப் பக்கத்தில் துவக்கையும் வைத்து, இரஞ்சிதம் தொட மாட்டாள் என்பதால் தானே அதற்குப் பொட்டும் வைத்தார். மறுநாள் காலைவரை துவக்கைத் தொட முடியாது என்பது, பெருமையில் அவருக்கு உறைக்கவில்லை. ஏரம்புதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"முத்தண்ணை, காட்டுப் பண்டிக்கு ஆயுத பூசை தெரியுமோ?"

அன்று பின்னேரம் இரஞ்சிதம் அம்மன் கோவிலுக்குப் போனாள். அவர் மரவள்ளிக்குப் பக்கத்துக் காவல் கொட்டிலில் போய் உட்கார்ந்தார். யாரோ குப்பை கொளுத்திய புகை, காற்றில்லாமல், மரவள்ளிக்கு மேலே தட்டையாகப் படுத்திருந்தது. பார்க்கப் பார்க்க அது மலைப் பனி ஆனது. மரவள்ளி தேயிலை ஆனது. தூரத்தில் கோவில் மணி கேட்டது. அது தோட்டத்தில் வேலை விடுகிற மணி என்று அவருக்குத் தோன்றியது. பனிக்குள் லயத்து வாசல் தெரிந்தது, அப்பா தெரிந்தார். நல்ல சுகமாக இருந்தது. அப்போதுதான் பனிக்குள் ஏதோ அசைந்தது.

மரவள்ளித் தடிகள் ஆடின. கீழே கபில நிறத்தில் ஒரு முதுகு. குனிந்து, மண்ணைப் பறித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் பறித்தது. ஒற்றைப் பன்றி, பெரியது.

வீட்டுக்குள் ஓடினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாயில் எல்லாம் பொட்டோடு படுத்திருந்தன. துவக்கின் மேல் கை போய்விட்டது. பக்கத்தில் அப்பாவின் கத்தி கிடந்தது. அந்தக் கத்திக்கு முன்னால் எப்படித் தொடுவது? கையை இழுத்துக்கொண்டார். தன்னையே வைதுகொண்டு வெளியே வந்து, கொட்டிலில் தொங்கிய எண்ணெய்த் தகரத்தைக் கழற்றினார். தகரத்தை யாரும் ஆயுதமென்று மதித்துப் பூசையில் வைப்பதில்லை. அதை ஒரு தடியால் அடித்து, தொண்டை கிழியக் கத்தினார்.

மரவள்ளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க இந்த அடி அடிக்கிறீங்க? நான்தான்."

கபிலச் சீலையில் இரஞ்சிதம் எழுந்து நின்றாள். கோவிலிலிருந்து குறுக்கு வழியால் வந்தவள், அவருக்குப் பிடிக்குமே, இரவுக்கு மரவள்ளி அவித்துத் தேங்காய்ச் சம்பல் அரைப்போம் என்று நினைத்திருக்கிறாள். மண்வெட்டி பூசையில் இருந்தபடியால், முழந்தாளில் நின்று கையாலேயே கிழங்கு தோண்டியிருக்கிறாள். முழங்கைவரை மண்.

"பன்னின்னு நெனச்சேன், புள்ள."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருசம் குடும்பம் நடத்தி இன்றைக்குத்தான் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது, பாயில் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. சிரிப்பு நின்றது.

"அது அந்தப் பாயில இல்லேன்னா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சுட்டிருப்பேன்" என்றார்.

இரஞ்சிதம் கிழங்குகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் மண் கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் கற்பூரம் காட்டியபின் வழக்கப்படி அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மண்வெட்டி, கோடரி, அலவாங்கு, மெசின், கவ்வாத்துக் கத்தி. எல்லாவற்றையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசியாக, தொடவே மாட்டேன் என்றிருந்த துவக்கையும் இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை.

"நீயே வச்சிரு. சட்டையப் போட்டுக்கிட்டு வர்றேன்."

இருவருமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அன்றே இரஞ்சிதத்தின் பாயும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஏரம்பு விடவில்லை. அடுத்த கூட்டத்திலும் எல்லோருக்கும் துவக்கு வேண்டும் என்றார். சுடலைமுத்துவையும் பேசச் சொன்னார். இவர் எழுந்து, சுடுமுன் எதிரே நிற்பது என்னவென்று தெரிகிறவனுக்குக் கொடுங்கள், எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பா இப்போதும் கனவில் வருகிறார். கையில் பழைய கத்திதான். கை நடுங்குகிறது. மகனுக்கு அதில் இப்போது வருத்தமில்லை.

பன்றிகள் இன்னும் வருகின்றன. மம்மலில் மரவள்ளி ஆடினால் அவர் தகரத்தைக் கையில் எடுத்துவிட்டு, முதலில் "இரஞ்சிதம்" என்று கூப்பிடுவார். முத்தண்ணை பெண்சாதியின் பேர் சொல்லிப் பண்டி கலைக்கிறார் என்று ஏரம்பு பரந்தன் சந்தி வரைக்கும் சொல்லித் திரிகிறார். அது இரஞ்சிதத்தின் காதுக்கும் வந்தது. கொஞ்சம் கோபப்பட்டுத்தான் பார்த்தாள். ஆனாலும் அவர் கூப்பிட்டதும், அடுப்பில் என்ன இருந்தாலும், குசினி வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

"நான் இங்க இருக்கேன்" என்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அவர் தகரத்தை அடிக்கிறார்.